மருமகளுக்கு மட்டும் மாத்திரையா?

ஜூன் 3, செவ்வாய். காரைக்குடி
(ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.)
கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தையில்லை. மருமகளை எங்கள் மருத்துவமனைக்கு ஆச்சி அழைத்து வந்தார். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி வேண்டுதல் எல்லாம் முடிந்ததாம். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த மகன் வெளியே காரில் இருந்தார். அவரையும் பார்க்கலாமே என்றேன். “அவனுக்கென்ன, நல்லாத்தானே இருக்கான்!”
மற்ற பரிசோதனைகளோடு, உடலுறவால் பரவும் கிளமிடியா என்ற கிருமித் தொற்றுக்கும் மாதிரி எடுத்தார் டாக்டர்.

ஜூன் 6, வெள்ளி
கிளமிடியா பாசிட்டிவ். ஆச்சியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் மட்டும் டாக்டர் பேசினார்.
“எனக்கு ஒண்ணுமே செய்யலையே டாக்டர்?”
இந்தக் கிருமியின் வம்பே அதுதான். பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே தெரியாது. ஆண்களிலும் பலருக்கு அப்படித்தான். கவனிக்காமல் விட்டால் கருப்பையைத் தாண்டி மேலே ஏறி, கருக்குழாயில் தழும்பு விழுந்து அடைத்துவிடலாம். கரு குழாயிலேயே தங்கும் ஆபத்தும் கூடும். எப்போது தொற்றியது, யாரிடமிருந்து யாருக்கு என்பதையெல்லாம் ரிப்போர்ட் சொல்லாது. இதைத்தான் டாக்டர் இரண்டு முறை சொன்னார். நல்லவேளை, சொன்னார்.
கர்ப்பமில்லை என்று பார்த்துவிட்டு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., காலையும் இரவும், 7 நாள். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது. (ஜூன் மாதக் காரைக்குடியில்!) கர்ப்பமாக இருந்திருந்தால் அசித்ரோமைசின் 1 கிராம், ஒரே வேளை. எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைக்கும் எழுதினார்.

ஜூன் 7, சனி
கணவர் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. “எனக்கு எதுக்கு மாத்திரை?” மனைவிக்குச் சரியானாலும் உங்களிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்றார் டாக்டர். சிறுநீர் கொடுத்தார், மாத்திரையும் வாங்கினார். இருவரும் முடிக்கும்வரை சேரக் கூடாது. டாக்டர் இதைச் சொல்லும்போது மட்டும் கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.
எனக்கு ஆத்திரம் வேறு. பிள்ளையில்லை என்றால் பெண்ணை மட்டும் ஊர் ஊராக இழுக்கிறோம். அவள் ஒருத்திக்கு மருந்து கொடுப்பது பாதி வைத்தியம்கூட இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி
மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை, நெகட்டிவ். ஒருமுறை வந்தால் இனி வராது என்றில்லை, அதனால்தான் இது. கருக்குழாய்களை எடுத்த எக்ஸ்ரே படத்தில் இடதுபக்கம் அடைப்பு, வலது திறந்திருக்கிறது. ஆச்சிக்கு இன்னும் நோயின் பெயர் தெரியாது. ஆனால், “எனக்கும்தான் வைத்தியம் நடக்குது” என்று மகனே போனில் சொல்லிவிட்டாராம். சிங்கப்பூரிலேயே மறுபரிசோதனை செய்துகொண்டு, பொங்கல் விடுப்புக்கு வரும்போது ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.