மஞ்சள் டப்பாவும் 28 நாள் மருந்தும்

2018 மார்ச் கடைசியில் மகளை வழக்கமான மூன்று மாதப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். அப்போது அவளுக்கு ஏழு வயது. இருமல்கூட இல்லை. தொண்டைக்குள் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து நர்ஸ் ஃபோனில் கூப்பிட்டார். "சூடோமோனாஸ் வந்திருக்கிறது மதாம். முதல் தடவை. தாமதிக்காமல் ஆரம்பிக்க வேண்டும்" என்றார். அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே நின்றேன்.

அவளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சளியைக் கெட்டியாக்கி நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் பரம்பரை நோய். இங்கே இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், பிரெஞ்சில் முக்கோவிசிடோஸ் என்பார்கள். பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்திலேயே சந்தேகம் வந்தது, பிறகு வியர்வைப் பரிசோதனையில் உறுதியானது. நான் காரைக்கால்காரி. கணவர் இந்தத் தீவின் மல்பார், அதாவது தமிழ் வழிவந்த குடும்பம், அவருடைய பாட்டி சிலாவோஸ் மலைப்பக்கத்து வெள்ளைக்கார வம்சம். அந்த வழியில் வந்த மரபணுக் கோளாறு ஒய்122எக்ஸ், இந்தத் தீவு நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது. என்னிடமிருந்து போனது எஃப்508டெல், உலகத்திலேயே அதிகம் காணப்படுவது. இரண்டும் அவளிடம் சேர்ந்துவிட்டன.

சூடோமோனாஸ் என்ற பெயரை ஏழு வருடமாகப் பயந்துகொண்டே கேட்டிருந்தேன். ஈரமும் தேங்கிய தண்ணீரும் இருக்கும் இடமெல்லாம் வாழும் கிருமி. நல்ல நுரையீரலை அது ஒன்றும் செய்யாது. இந்தப் பிள்ளைகளின் கெட்டிச் சளியில் குடியேறினால் மட்டும் கிளம்பாது.

நர்ஸ் கூப்பிட்ட அன்று மாலையே டோப்ராமைசின் வந்துவிட்டது, மூச்சோடு உள்ளே இழுக்கும் ஆன்டிபயாடிக். அரசுக் காப்பீட்டின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் ஒரு சென்டிம் செலவில்லை. ஆனால் நான் நான்கு நாள் அதைத் தொடவில்லை. இதை எழுத மனசு கஷ்டப்படுகிறது, இருந்தாலும் எழுத வேண்டும்.

காரணம் பயம். அந்த மருந்து காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்று படித்திருந்தேன். அம்மா காரைக்காலிலிருந்து, "நல்லாத்தானே இருக்கா புள்ள, அதுக்குள்ள எதுக்கு இவ்வளவு மருந்து? நெல்லிக்காய் குடு" என்றார். மாமியார் சேன் ஜோசப்பில் இருக்கிறார். பக்கத்து மலையில் பிளேன் தே கிரேக் என்ற ஊர், மஞ்சளுக்குப் பேர்போனது. தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மஞ்சளை சஃப்ரான் என்றுதான் சொல்வார்கள். ஒரு டப்பா நிறைய இடித்து எடுத்துவந்தார், கூடவே கஷாயத்துக்கு இலைகளும். இரவில் நானும் நெல்லிக்காயிலும் மஞ்சளிலும் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்ஸிஜன் நச்சுகளிலிருந்து உடம்பைக் காக்கும் பொருள் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பொய்யும் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

ஐந்தாம் நாள் மாலை கினே வந்தார். வாரத்தில் பல நாள் வீட்டுக்கே வந்து சளியை வெளியேற்றும் பயிற்சி கொடுப்பவர். ஃபிரிட்ஜில் பிரிக்காத பெட்டியைப் பார்த்தார். திட்டவில்லை. அங்கேயே மருத்துவருக்கு ஃபோன் போட்டு என் கையில் கொடுத்தார்.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். நீங்கள் படித்தது சரிதான். இந்த நோயில் பழுதான சிஎஃப்டிஆர் புரதம் உப்பை மட்டும் கடத்துவதில்லை, க்ளூட்டாதயோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டும் அதன் வழியாகத்தான் நுரையீரலின் ஈரப்படலத்துக்கு வருகிறது. அதனால் அங்கே அது குறைவு. கணையம் வேலை செய்யாததால் கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈ போன்றவையும் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. இந்த நிலையில் கிருமி வந்தால் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து ஆக்ஸிஜன் நச்சுகளைக் கொட்டுகின்றன. சூடோமோனாஸே பயோசயனின் என்ற நீலப்பச்சை நிறமியைச் சுரந்து இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. கிருமிக்கும் சண்டைக்கும் நடுவில் புண்ணாவது நுரையீரல்.

"சரி, அப்போ ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் என்ன?" என்றேன். "கொடுங்கள், ஆனால் அது கிருமியைக் கொல்லாது" என்றார். இப்போது கிருமி தனித்தனியாக இருக்கிறது. நாள் போனால் தன்னைச் சுற்றிப் பசைபோல ஒரு கூடு கட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த மருந்தும் முழுசாக உள்ளே போகாது. விரட்டக்கூடிய காலம் இந்த ஆரம்பம்தான். ஊசியில் போடும்போதுதான் காது, சிறுநீரகம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும். புகையாக இழுக்கும்போது பெரும்பகுதி நுரையீரலிலேயே நிற்கும், ரத்தத்துக்குப் போவது கொஞ்சம்தான்.

அன்று இரவே ஆரம்பித்தோம். ஏப்ரல் 10. காலையில் 300 மில்லிகிராம், இரவில் 300 மில்லிகிராம், 28 நாள். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம், மருந்தைப் புகையாக்கும் கம்ப்ரஸர் உறுமும். அவள் வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, நான் கதை வாசிக்க வாசிக்க, அவசரப்பட வேண்டிய பக்கம் வந்தால் விரலால் என் கையைத் தட்டுவாள். முடிந்ததும் மருந்து ஊற்றும் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, கொதிக்கவைத்து, சுத்தமான துணியில் ஆறவிட வேண்டும். கழுவியதை ஈரத்தோடு மூடிவைத்தால் அதே கிருமியை நாமே வளர்க்கிறோம்.

ஏப்ரல் 24 அன்று ஃபக்கீர் புயல் தீவுக்கு வந்தது. விடிகாலையில் கரண்ட் போனது. மருந்துக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டேன். அவை 25 டிகிரிக்குள் இருந்தால் 28 நாள்வரை வெளியிலும் தாங்கும் என்று தெரியும், ஆகவே மருந்து பற்றிக் கவலை இல்லை. கம்ப்ரஸருக்குத்தான் வழியில்லை. காற்று அடங்கியதும் கணவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அவர்கள் ஜெனரேட்டரில் ஃப்ரீஸரைக் கழற்றிவிட்டு எங்கள் வயரைச் சொருகினார்கள். அவர்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அவள் மருந்து இழுத்தாள். இரண்டு நாள் அப்படியே போனது, ஒரு வேளையும் விடவில்லை.

மருந்து முடிந்தபின் எடுத்த சளியில் கிருமி இல்லை. அடுத்த பரிசோதனையிலும் இல்லை. தாமதித்த அந்த நான்கு நாளால் கெடுதல் வராமல் போனது எங்கள் நல்ல நேரம். வேறு யாரும் அப்படித் தாமதிக்க வேண்டாம்.

பிறகு நிதானமாகப் படித்தேன். மஞ்சளிலுள்ள குர்குமின் எலிகளில் இந்த நோயின் புரதக் கோளாற்றைச் சரிசெய்ததாக 2004இல் ஒரு ஆய்வு வந்து பெரிய நம்பிக்கை கொடுத்தது. மற்ற ஆய்வகங்கள் செய்துபார்த்தபோது அது நிலைக்கவில்லை. 2013இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் க்ளூட்டாதயோனைப் புகையாக ஆறு மாதம் கொடுத்தும் மூச்சின் அளவு கூடவில்லை. 2018இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு எனக்குப் பிடித்தது. 73 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்த வைட்டமின் மாத்திரை 16 வாரம் கொடுத்தார்கள். சளியில் தெரியும் அழற்சி 16 வார முடிவில் குறைந்திருக்கவில்லை. ஆனால் ஆன்டிபயாடிக் தேவைப்படும் அளவுக்கு உடம்பு மோசமாவது தள்ளிப்போனது. ஆக, வைட்டமின் அவளுடைய தினசரி மருந்திலேயே இருக்கிறது. கணைய நொதி மாத்திரையோடும், கொழுப்புள்ள சாப்பாட்டோடும் சேர்த்துக் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் உடம்பில் ஏறாது.

வீட்டிலும் சில மாற்றங்கள். பூ ஜாடியில் தண்ணீர் நிற்பதில்லை. பூஜைக்கு வைக்கும் கும்பத் தண்ணீரை அன்றைக்கே செடிக்கு ஊற்றிவிடுகிறேன். கோவிலில் தீர்த்தம் வாங்கினால் அவள் தலையில் தெளிக்காமல் என் கையோடு நிறுத்திக்கொள்கிறேன். பூசாரியிடம் காரணத்தைச் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

2022இல், பழுதான அந்தப் புரதத்தையே ஓரளவு வேலைசெய்ய வைக்கும் காஃப்ட்ரியோ மாத்திரைக்கு அவளுடைய வயதிலும் அனுமதி வந்தது. என்னிடமிருந்து போன எஃப்508டெல் இருப்பதால் அவளுக்கு அது வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் ஒய்122எக்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு அது பயன்படாது; இந்தத் தீவில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், சிகிச்சை மையத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும்.

மாமியாரின் மஞ்சள் இப்போதும் வருகிறது, குழம்புக்குப் போகிறது. அவர் கொல்லையில் ஒரு பம்பளிமாஸ் மரமும் உண்டு. காஃப்ட்ரியோ பெட்டியில் இருந்த தாளில் பாம்ப்ளமூஸ் (இந்த இனப் பழத்தின் பிரெஞ்சுப் பெயர்) சாப்பிடக்கூடாது என்று போட்டிருப்பதை அவருக்குப் படித்துக்காட்டினேன், அந்தப் பழம் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். இப்போது காய்க்கும் பழமெல்லாம் ஜெனரேட்டர் கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது.