அம்பையில் ஒரு மாடித் தியேட்டர்: மூன்றாம் மாதம்

படம் பளிச்சென்று விழுகிறது, வசனம்தான் புரியவில்லை. போன மாதம் இந்த இடத்தில்தான் நின்றேன். தியேட்டராக மாற்றிக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டு மாடி அறை 18 அடிக்கு 12 அடி, சிமெண்ட் பூச்சுச் சுவர், மொசைக் தரை. நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினால் 'டிர்ர்ர்' என்று சுவருக்குச் சுவர் ஓடித்தான் அடங்கும். வேறு ஸ்பீக்கர் வாங்கிவிடலாம் என்று இருந்தேன். அதற்கு முன்னால் எங்கள் தெரு ஆபரேட்டர் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். டூரிங் டாக்கீஸில் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டியவர்.

வந்தவர் திரையைப் பார்க்கவே இல்லை. சுவரைத் தட்டினார். "தம்பி, எங்க கொட்டகையில ஒத்தக் கொழா ஸ்பீக்கருதான். கடேசி ஆளு வரைக்கும் வசனம் சுத்தமா கேக்கும். மேல ஓலை, கீழ மணலு, நடுவுல சனம். சத்தம் திரும்பி வர வழி ஏது? நீ ஸ்பீக்கர்ல துட்டக் கொட்டாத, செவத்தக் கவனி."

முதலில் கோரைப்பாய் கட்டிப் பார்த்தேன், பத்தமடை பக்கத்தில்தானே இருக்கிறது. 'டிர்ர்' குறைந்தது, ஆண் குரல் மட்டும் இன்னும் தொண்டைக்குள்ளேயே கிடந்தது. கனத்த ஆண் குரல் இறங்கும் 100 ஹெர்ட்ஸ் ஒலியில் ஓர் அலையின் நீளமே ஏறத்தாழ 11 அடி. மெல்லிய பாய் அதை என்ன செய்யும்?

கடையில் முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமான ஃபோம் கொடுத்தார்கள். ஒரு துண்டை மொட்டை மாடியில் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். கரும்புகை கக்கி உருகிச் சொட்டியது. நாலு பேர் கதவடைத்து உட்காரும் அறையில் தயவுசெய்து இதை ஒட்டாதீர்கள்.

பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வூல் பஞ்சு எரியாது. 2 அங்குலக் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி வாங்கினேன். 4 அடிக்கு 2 அடி மரச்சட்டத்தில் அடைத்து, மேலே துணி இழுத்து ஆணி அடித்தேன். வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும், அந்தத் துணிதான் சரி. சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி மாட்டினால் கனத்த ஒலியும் கொஞ்சம் அடங்கும். வெட்டும்போது முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் கட்டாயம்; உடம்பெல்லாம் அரித்துவிடும்.

எங்கே மாட்டுவது? நான் நாற்காலியில் உட்கார, மருமகன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போனான். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிந்த இடத்திலெல்லாம் சாக்பீஸ் குறி. அங்கேதான் ஒலி பட்டுத் திரும்புகிறது.

திரை 7 அடி அகலம், முன்வரிசை 10½ அடி தூரம். பார்வைக் கோணம் 37 பாகை வருகிறது, போதும். அகலம் கூடிய ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் 6 அங்குலம் மிஞ்சியது. கருப்பு வெல்வெட் தைத்து மூடினேன். பின்வரிசை மேடைக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்க்க, நாற்காலியின் கீழ் செங்கல் அடுக்கி, முன்னால் இருப்பவர் தலைக்கு மேல் திரையின் அடி ஓரம் தெரியும்வரை ஏற்றினோம். மூன்று வரிசைச் செங்கல் பிடித்தது.

நேற்று அண்ணாச்சி மறுபடி வந்தார். கை தட்டினார். 'டப்', அவ்வளவுதான். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் வசனத்தை மட்டும் கேட்டார். "இப்பம் வெளங்குதுடே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பின்வரிசையில் பேஸ், அதாவது கனத்த ஒலி மட்டும் இன்னும் குமுறுகிறது, நாற்காலிகள் சுவரை ஒட்டிக் கிடப்பதால். ஞாயிற்றுக்கிழமை அவற்றை ஓர் அடி முன்னால் இழுக்க வேண்டும். பிறகு பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரை நாற்காலி மேல் ஏற்றிவிட்டு, எந்த மூலையில் சத்தம் சீராக வருகிறது என்று தரையில் தவழ்ந்து தேடி, அங்கேயே அதை வைக்க வேண்டும்.