அறுவடைக்கு முன்பும் பின்பும்

அடகுக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் செல்போன் நம்பரையே மாற்றி மாற்றிச் சொன்னார்.

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க பெரியவரே" என்று கவுண்டரில் இருந்த பையன் எரிந்து விழுந்தான்.

பெரியவரின் கண் தராசுத் தட்டில் கிடந்த தோட்டின் மேலேயே இருந்தது.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கரும்பு விவசாயிகளிடம் ஒரு சோதனை நடந்தது. பொருளாதார அறிஞர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் செய்தது. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 54 கிராமங்கள், 464 பேர். விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் புதிர்களை அறுவடைக்கு முன்பு ஒரு தடவை, அறுவடை முடிந்த பிறகு ஒரு தடவை கொடுத்தார்கள்.

கையில் காசில்லாதபோது தடுமாறிய அதே ஆட்கள், பணம் வந்த பின் நன்றாகப் போட்டார்கள்.

ஒருவரை அவரோடேயே ஒப்பிட்டார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'படிக்காதவங்க, அவங்களுக்குப் புரியாது' என்று இனி யாரும் தட்டிக்கழிக்க முடியாது. வட்டி, தவணை, பள்ளிக் கட்டணம் என்று ஓயாமல் கணக்கு ஓடும் தலையில் வேறெதற்கு இடம் இருக்கும்?

விவசாயிகளுக்கான பயிற்சி முகாமையும் படிவம் நிரப்பும் வேலையையும் கரும்புப் பணம் வந்த பிறகு வையுங்கள். அதற்குக் கூடுதல் நிதிகூடத் தேவையில்லை.