14 அங்குலத் தோள்: நைட்டியிலிருந்து வெளியே வந்த கணக்கு

பிப்ரவரி நடுவில் மகள் பிறந்தாள். மே மாதக் கடைசியில், 14 வாரத் தடுப்பூசிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டிய காலையில், பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட சுடிதார்களும் குர்தாக்களும் மடிப்புக் கலையாமல் இருந்தன. மூன்றரை மாதமாக நான் உடுத்தியவை மூன்று நைட்டிகள் மட்டுமே.

நைட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேலத்து அக்னி நட்சத்திர வெயிலில், அறுவைச் சிகிச்சைத் தழும்பின் மேல் எதுவும் உரசாமல், முன்பக்க ஜிப்போடு 250 ரூபாய்க்குக் கிடைக்கும் உடை வேறு எது? வாசலில் கீரைக்கார அம்மா கூப்பிட்டால் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போய்விடலாம். அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் அதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதுமில்லை. ஆனால் பேறுகால விடுப்பான 26 வாரத்தில் இரண்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டேன் என்பதால், ஆகஸ்ட் தொடக்கத்தில் அலுவலகம் போயாக வேண்டும். அதற்குள் 3,000 ரூபாய்க்குள், பாலூட்ட வசதியான, நானே பார்த்தாலும் பிடிக்கிற அன்றாட உடைகளைச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்து, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்கினேன். கீழே உள்ளவை அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில், பாலூட்டும் குர்தா என்ற பெயரில் விற்ற ஒன்றை 1,150 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மார்பளவு முன்பு 36 அங்குலமாக இருந்தது இப்போது 40 ஆகியிருந்ததால், கடைப் பெண் எக்ஸ்எல் அளவை எடுத்துக் கொடுத்தார். மார்புக்கு அது சரியாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது மட்டும், விலை கூடிய நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. நெஞ்சின் இரு பக்கமும் தையலுக்குள் மறைத்து வைத்திருந்த ஜிப்கள் நல்ல யோசனைதான். ஆனால் பால் குடிக்கும்போது ஜிப்பின் இழுப்பான் மகளின் கன்னத்தில் அச்சுக் குத்தியது போலப் பதிந்தது. இரண்டாம் நாளே இரண்டு இழுப்பான்களிலும் துணியைச் சுற்றித் தைத்தேன்.

அந்த உடை ஏன் அழகாக இல்லை என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தெருக்கோடியில் தைக்கும் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உடம்பைச் சுற்றி அளக்காமல், முதுகுப் பக்கமாக ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை டேப்பை வைத்தார். 14 அங்குலம். குர்தாவை அளந்தார். 15½ அங்குலம். “புள்ள பெத்தா மார்பு மாறும், இடுப்பு மாறும், தோள் எலும்பு எங்கம்மா மாறப் போகுது?” என்று கேட்டார். கை தைத்திருந்த இடம் தோளைவிட்டு இறங்கி மேற்கையில் தொங்கியதால்தான் முழு உடையும் இரவல் வாங்கியது போலத் தெரிந்திருக்கிறது. கைகளைப் பிரித்து, தோளில் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் வெட்டி, மறுபடி கையை ஏற்றித் தைக்க 80 ரூபாய் வாங்கினார். உடம்பின் மற்ற இடங்களில் துணி தொளதொளவென்று இருந்தும், இப்போது அது தைத்துப் போட்ட உடை போல நின்றது. இந்த நோட்டில் நான் எழுதியவற்றில் அடிக்கோடிட்ட ஒரே வரி இதுதான்: வாங்கினாலும் தைத்தாலும் முதலில் தோளைப் பார்க்க வேண்டும்.

அடுத்து நானே தைப்பது என்று இறங்கினேன். அம்மா வீட்டிலிருந்து பழைய மிதி மெஷின் வந்தது. துணிக்குச் செலவு வேண்டாமென்று, அம்மாவின் இரண்டு பருத்திச் சேலைகளையும் கேட்டு வாங்கி வந்தேன். அவற்றில் ஒன்றை நான் மடித்து வைத்த இரவே அத்தை எடுத்துத் தொட்டில் கட்டிவிட்டார். பழகிய பருத்திச் சேலைக்குத் தொட்டிலைவிட நல்ல வேலை எதுவுமில்லை என்பது அவர் கட்சி, மகளும் அவர் பக்கமே தூங்கிப் போனாள். மிஞ்சிய சேலையின் ஐந்தரை மீட்டரில், பாதி எனக்கு ஒரு குர்தாவுக்குப் போதுமானதாக இருந்தது.

ஜிப் வேண்டாம் என்பதால், மேல் பகுதியை இரண்டு அடுக்காக வைத்தேன். உள்ளடுக்கு உடம்போடு ஒட்டி நிற்கும். அதில் இரு பக்கமும் நெடுக்குவாக்கில் திறப்பு இருக்கும். அதன் மேல் கழுத்திலிருந்து ஒரு வெளியடுக்கு, அடியில் தைக்கப்படாமல் தொங்கும். பாலூட்டும்போது வெளியடுக்கை உயர்த்தினால் போதும். வயிறும் முதுகும் தெரியாது. வரைந்தபோது எளிதாக இருந்தது. தைத்து முடித்தபின்தான், உள்திறப்பு முடிகிற இடத்திலேயே வெளியடுக்கும் முடிந்துவிட்டதைக் கவனித்தேன். கையைத் தூக்கினால் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. அதை ஒரு நாடா வைத்து மறைத்துப் போட்டுக்கொண்டிருந்த நான்காம் நாள், தொட்டிலிலிருந்து மகளைத் தூக்கக் குனிந்தபோது, கை இணையும் வளைவு சர்ரென்று கிழிந்தது. தையல் பிரியவில்லை, தையலுக்குப் பக்கத்தில் துணியே விட்டுக்கொடுத்துவிட்டது. பல வருடம் துவைத்து நைந்த சேலை உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் இழுவிசை விழுகிற இடத்தில் தாங்காது. அந்தக் குர்தா மகளுக்கு நான்கு ஜப்லாவாக மாறியது.

வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற சேலத்தில் பிறந்து, 1960-இலிருந்து கைத்தறித் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் நிறுவனம் உள்ள அதே ஊரில் வளர்ந்து, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தும், துணியில் நெடுக்காக ஓடும் பாவு இழை எது, குறுக்காக ஓடும் ஊடை இழை எது என்று 29 வயது வரை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்தக் கிழிசலுக்குப் பிறகுதான் துணியைத் துணியாகப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய வாரம், முதல் அக்ரகாரம் என்ற கடைவீதிப் பக்கம் மீட்டர் துணி தேடிப் போனேன். ஆடி பிறந்துவிட்டால், அதிலும் கோட்டை மாரியம்மன் பண்டிகை நெருங்கிவிட்டால், கைக்குழந்தையோடு கடைவீதிக்குள் நுழைவது நடக்கிற காரியமல்ல. சேலத்துக்குப் பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் நெய்யும் சேலைகளின் பளபளப்பு எனக்கு எப்போதும் ஆசையைக் கிளப்பும். ஆனால் செயற்கை இழை சேர்ந்தவை வியர்வையையும் உறிஞ்சாது, கசிகிற பாலையும் உறிஞ்சாது என்பதால், அவற்றை விசேஷ நாட்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன். ரேயான் அழகாக விழுகிறது, ஆனால் நனைந்தால் அதன் வலு குறைந்துவிடும். நாளுக்கு மூன்று முறை நனைகிற உடைக்கு அது ஒத்துவராது. கடைசியில் 44 அங்குல அகலமுள்ள பருத்தித் துணியில், மீட்டர் 140 ரூபாய் என்று இரண்டரை மீட்டர் எடுத்தேன்.

நிறம் எடுப்பதில்தான் நான் எதிர்பாராத பாடம் இருந்தது. பாலின் ஈரம் அதிகமாகத் தெரிவது, சாம்பல், வெளிர் பச்சை, ரோஜா போன்ற நடுத்தரமான வெற்று நிறங்களில்தான். பொடிப் பொடியாகப் பூ விழுந்த துணியில் அதே ஈரம் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. கரு நீலத்தில் பொடி வெள்ளைப் பூ போட்டதை எடுத்ததற்கு இதுவே காரணம். மற்றபடி எனக்கு வெற்று நிறங்கள்தான் பிடிக்கும்.

வெட்டுவதற்கு முன் துணியில் 10 அங்குலத்துக்கு இரண்டு புள்ளி வைத்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டுக் காயப்போட்டு அளந்தேன். 9½ அங்குலம். அதாவது நூற்றுக்கு ஐந்து. 44 அங்குல நீளக் குர்தாவை ஊறவைக்காமல் தைத்திருந்தால், முதல் துவையலில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போயிருக்கும். மகள் கையில் கிடைத்ததையெல்லாம் சப்புகிறாள் என்பதால், நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் துணியைத் தேய்த்தும் பார்த்தேன். லேசாக நீலம் ஒட்டியது. உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று அத்தை சொன்னார். ஏற்கெனவே சாயமேறிய துணியில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. நான்கு தண்ணீர் மாற்றி அலசி, தண்ணீர் தெளிந்தபின் வெட்டினேன்.

இந்த இரண்டாவது குர்தாதான் நான் இன்றும் வாரத்தில் இரண்டு முறை உடுத்துவது. வெளியடுக்கை உள்திறப்பைவிட இரண்டரை அங்குலம் கீழே இறக்கினேன். நீளவாக்கில் பாவு இழை வரும்படி வெட்டினேன். ஊடை வாட்டத்தைவிடப் பாவு வாட்டத்தில் துணி குறைவாகவே நெகிழ்கிறது. கழுத்துக்கு, மூலைவாட்டத்தில் வெட்டிய ஒன்றரை அங்குலக் கிராஸ் பீஸ் வைத்ததால், வளைவில் சுருக்கம் விழவில்லை. பக்கத் தையலில் பத்து அங்குல ஆழத்துக்கு ஒரு பாக்கெட். கைபேசியும் மகளின் கைக்குட்டையும் ஒன்றாகப் போகும். மணி, சமிக்கி எதுவும் இல்லை, அவள் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வாள். பக்கத் தையல்களில் உள்ளே ஓர் அங்குலம் மிச்சம் விட்டிருக்கிறேன்.

சேலையின் மறுபாதியை எறிய மனமில்லாமல், தோள், கை வளைவு இரண்டிலும் உள்ளே புதுப் பருத்தித் துணி கொடுத்து மூன்றாவதையும் தைத்தேன். அதன் கரை கீழ் ஓரத்தில் வருகிறது. இதுவரை கிழியவில்லை.

பேண்ட்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நாடா வைத்தவை தழும்பின் மேலேயே உட்கார்ந்தன. ஒன்றரை அங்குல அகல எலாஸ்டிக்கைத் தொப்புளுக்கு மேல் வரும்படி ஏற்றி வைத்து, தலா 300 ரூபாய்த் துணியில் இரண்டு தைத்துக்கொண்டேன். உயரமான இடுப்புப் பட்டை வயிற்றையும் தாங்குகிறது.

ஜூலை கடைசியில் ஏற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கீழே புழுக்கம்; மேலே போனால் சாயங்காலம் குளிர் காற்று; நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாற்றுடை எடுக்கப் பீரோவைத் திறந்தபோது, பழைய குர்தாக்கள் எல்லாமே 14 அங்குலத் தோள் உள்ளவை என்பது திடீரென்று உறைத்தது. அவற்றில் சிக்கல், முன்பக்கம் சேராததுதானே? சேராவிட்டால் போகட்டும் என்று, கல்லூரிக் காலத்துக் கலம்காரி அச்சுக் குர்தா ஒன்றின் முன்பக்கத்தைக் கழுத்திலிருந்து ஓரம் வரை நட்ட நடுவே வெட்டினேன். கை நடுங்கியது உண்மை. வெட்டிய இரு ஓரத்துக்கும் கறுப்புக் கிராஸ் பீஸ் வைத்துத் தைத்ததும், அது திறந்த கோட்டாக ஆகிவிட்டது. உள்ளே திருப்பூர்ப் பனியன் துணியில் தைத்த, பக்கத் திறப்புள்ள ஒரு பாடி. தலா 160 ரூபாய்க்கு அப்படி மூன்று வாங்கியிருந்தேன். பேருந்தில் பத்தாவது வளைவுக்கு அருகே மகள் அழுதபோது, கோட்டின் ஒரு பக்கத்தை அவள் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுத்தேன்; பக்கத்து இருக்கைப் பாட்டி கவனித்ததாகவே தெரியவில்லை. பாலூட்டும் அறைகள் 2015 முதல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் வந்துவிட்டன. ஓடுகிற பேருந்துக்குள் அதை நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சித்தி வீட்டில் இறங்கியதும், அவர் பிள்ளையைக் கேட்பதற்கு முன், “இது எங்கடி வாங்கின?” என்றுதான் கேட்டார். பீரோவில் இருந்து இன்னும் மூன்று குர்தாக்களை அப்படியே வெட்டிவிட்டேன்.

ஆகஸ்டில் வேலையில் சேர்ந்தேன். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு முறை பாலூட்டச் சட்டம் இடைவேளை தருவதால், ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து போகிறேன். செலவுக் கணக்கு: கடைக் குர்தா 1,150, அதைத் திருத்த 80, துணி 350, பேண்ட் 600, பனியன் 480, எலாஸ்டிக்கும் நூலும் மற்றவையும் 150, துணியோரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தைத்த கூலி 120, மொத்தம் 2,930 ரூபாய். வாங்கியிருக்க வேண்டாதது அந்த 1,150 மட்டுமே.

மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்துவிட்டதால் கறையின் நிறம் மாறியிருக்கிறது. பால் கறையைப் போலவே இதையும் முதலில் குளிர்ந்த தண்ணீரில்தான் அலசுகிறேன், சுடுதண்ணீரில் போட்டால் பால் கறை துணியிலேயே இறுகிவிடும். பால் குடிப்பது குறைந்ததில் மார்பளவு 38-க்கு வந்துவிட்டது. நீலக் குர்தாவின் பக்கத் தையலைப் பிரித்து, பக்கத்துக்கு அரை அங்குலம் உள்ளே பிடிக்க வேண்டும். மெஷினின் மிதிபலகையில் அவள் ஏறி உட்கார்ந்துகொள்வதால், அவள் தூங்கும் நேரத்துக்காகக் காத்திருக்கிறேன்.