பாஸ்வேர்டு திருடன் புகுந்த கணினி: எதை முதலில் செய்வது

கணினியில் பாஸ்வேர்டு திருடும் மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) புகுந்துவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலோர் அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றத் தொடங்குகிறார்கள். திருடன் வீட்டுக்குள் நிற்கும்போதே பூட்டை மாற்றி, புதுச் சாவியை அவன் கண்ணெதிரே ஆணியில் மாட்டுகிற வேலை இது. முதலில் வைஃபையைத் துண்டியுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். மற்றதெல்லாம் கைபேசியிலோ வேறொரு கணினியிலோதான்.

இந்த வகை மால்வேருக்கு இன்ஃபோஸ்டீலர் என்று பெயர். ரெட்லைன், லும்மா, விடார் எல்லாம் இந்தக் குடும்பம். அரிதான நோயும் அல்ல: 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை இரண்டே மாதங்களில் லும்மா தொற்றிய விண்டோஸ் கணினிகள் 3,94,000-க்கு மேல் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. பல ஸ்டீலர்கள் சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு தம்மையே அழித்துவிடும். அதனால் ஸ்கேனில் ஒன்றும் சிக்கவில்லை என்றால் ஒன்றும் போகவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம்.

எதை அள்ளுகிறது? குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் 'லாகின் டேட்டா' என்ற கோப்பில் பூட்டப்பட்டிருக்கும். அதன் சாவி 'லோக்கல் ஸ்டேட்' என்ற கோப்பில். சாவிக்கும் விண்டோஸ் ஒரு பூட்டுப் போட்டுத்தான் வைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் லாகின் செய்திருக்கும் நேரத்தில் உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரல் கேட்டாலும் திறந்து கொடுத்துவிடும். 2024 ஜூலையில் வந்த குரோம் 127, குக்கிகளுக்கு (தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு அடையாளத் தகவல்கள்) கூடுதல் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஸ்டீலர்கள் அதைத் தாண்டும் வழியைக் கண்டுபிடித்துவிட்டன.

பாஸ்வேர்டைவிட ஆபத்தானது குக்கிதான். நீங்கள் ஓடிபி போட்டு உள்ளே போனதும் தளம் உங்கள் பிரவுசரிடம் ஒரு குக்கி கொடுக்கிறது. அடுத்த முறை அதைக் காட்டினால் போதும். அது களவுபோனால் திருடனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 'டூ ஸ்டெப் போட்டிருந்தேனே, எப்படிப் போச்சு?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கைபேசியில் முதல் வேலை ஜிமெயில். மற்ற எல்லாக் கணக்குகளின் ரீசெட் இணைப்பும் அங்குதான் வரும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' பகுதிக்குப் போய், தொற்றிய கணினியையும் தெரியாத சாதனங்களையும் வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு: சிங்க் (சாதனங்களுக்கு இடையே குரோம் தகவல்களை ஒன்றாக்கும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால், கைபேசி குரோமில் சேமிக்கும் புதுப் பாஸ்வேர்டு கணினி இணையத்துக்கு வந்ததும் அங்கேயும் போய் இறங்கிவிடும். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல், ஆப் பாஸ்வேர்டுகள் (பிற செயலிகளுக்கென்று தனியாக உருவாக்கியவை), அனுமதி பெற்ற வெளிச் செயலிகள் ஆகியவற்றைப் பாருங்கள். ஜிமெயில் அமைப்புகளில் ஃபில்டரையும் ஃபார்வர்டிங்கையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வங்கியிலிருந்து வரும் அஞ்சல்கள் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு ஃபில்டர் போட்டுவைப்பது பழைய தந்திரம்.

அடுத்து நெட்பேங்கிங் பாஸ்வேர்டு. பிரவுசரில் கார்டு சேமித்திருந்தால் வங்கிச் செயலியில் அதைத் தற்காலிகமாக முடக்கிவிட்டு மாற்றுக் கார்டு கேளுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் இருப்பவர்கள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். டெலிகிராம் டெஸ்க்டாப்பின் 'டிடேட்டா' ஃபோல்டரை ஸ்டீலர்கள் அப்படியே தூக்கிப்போகும் என்பதால், 'சாதனங்கள்' பகுதியில் மற்ற எல்லா அமர்வுகளையும் முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்'. கிரிப்டோ வாலட்டின் மீட்புச் சொற்களை மட்டும் மாற்ற முடியாது. சுத்தமான சாதனத்தில் புது வாலட் தொடங்கி இருப்பை அங்கே நகர்த்துவதைத் தவிர வழியில்லை. டெஸ்க்டாப்பில் 'பாஸ்வேர்ட்ஸ்' என்று பெயரிட்ட நோட்பேட் கோப்பு, ஆதார் ஸ்கேன் இருந்தால் அவையும் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணினி. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணினி ரீஸ்டார்ட் ஆகி ஏறக்குறைய 15 நிமிடம் ஓடும். ஸ்கேன் தொடாமல் விட வேண்டியவை அடங்கிய 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலையும் திறந்து பாருங்கள். சி டிரைவ் முழுவதையும் அதில் சேர்த்துவிட்டுப் போகும் மால்வேர் உண்டு. அப்படி இருந்தால் வழக்கமான ஸ்கேன் கண்ணை மூடிக்கொண்டு வீட்டைச் சுற்றியதுதான்.

ஆனாலும் நான் சொல்வது ஒன்றுதான்: விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் இன்ஸ்டாலரைத் தயாரித்து, நிறுவும்போது விண்டோஸ் இருந்த டிஸ்கின் பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) அழித்துவிட்டுத் தொடருங்கள். அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுங்கள். இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, ஜிப், ஷார்ட்கட் எதுவும் வேண்டாம். பழைய பிரவுசர் புரொஃபைலும் வேண்டாம்.

வந்த வழி பெரும்பாலும் கிராக் மென்பொருள்தான். ஜிப்புக்கு 1234 என்று பாஸ்வேர்டு போட்டிருப்பது ஸ்கேனர் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காக. இஎக்ஸ்இ 700 எம்பி இருந்தால் பாதிக்கு மேல் வெறும் பூஜ்யமாக இருக்கலாம்; அத்தனை பெரிய கோப்பைப் பல ஸ்கேனர்கள் தொடுவதில்லை. இன்னொரு வழி போலி கேப்ட்சா: 'நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் அழுத்தி, பேஸ்ட் செய்து, என்டர் தட்டுங்கள்' என்று கேட்கும். பேஸ்ட் ஆவது, கணினியை நேரடியாக இயக்கும் விண்டோஸின் பவர்ஷெல் கட்டளை. உண்மையான கேப்ட்சா எதுவும் பிரவுசரை விட்டு உங்களை வெளியே அனுப்பாது.

புது விண்டோஸில் குரோமைத் திறந்து சிங்க் போட்டதும் பழைய எக்ஸ்டென்ஷன்களும் வரிசையாக வந்து உட்காரும். எது எதற்கென்று உங்களுக்கே தெரியாதவற்றை அப்போதே நீக்கிவிடுங்கள்.