பேஸ்மென்ற் ரீவி அறை: சீலிங் சத்தம் ஒருவழியாக அடங்கியது

ரொறன்ரோ பேஸ்மென்றில் சீலிங் பலகை ஏறிவிட்டது. கீழே படம் ஓடினாலும் மேலே படுக்கையறையில் வசனம் கேட்கவில்லை. பலகை மரத்தை நேரே தொடாமல் தாங்கும் மெல்லிய உலோகப் பட்டையான ரெசிலியன்ற் சனல் போட்டதற்குப் பலன் கிடைத்திருக்கிறது.

சுவர் வழக்கம்போலத்தான்: கொங்கிரீற்றோடு ஒட்டி 2 அங்குல எக்ஸ்பிஎஸ் (கெட்டியான நுரைப் பலகை), பொருத்துகளில் சிவப்பு ரேப், முன்னால் 2x4 சட்டம். கொங்கிரீற்றில் நேரே ஃபைபர்கிளாஸ் வைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம்.

சீலிங்கில் ஜொயிஸ்ற்களுக்கு (மேல்தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள்) இடையே 3 அங்குல மினரல் வூல் (பாறைப்பஞ்சு). குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒரு சனல். அதில் 5/8 அங்குல ட்ரைவோல் (ஜிப்சம் பலகை) இரண்டு அடுக்கு. சனலின் ஒரு காலை மட்டும்தான் ஜொயிஸ்றில் முடுக்க வேண்டும். மற்றப் பக்கம் அந்தரத்தில் நின்று அசையும். அந்த அசைவு இருக்கும்வரைதான் சத்தம் மரத்துக்குப் போகாது.

அதைக் கெடுப்பது ஸ்குரூ நீளம். சனலின் ஆழம் அரை அங்குலம். 5/8 பலகைக்குக் கை பழக்கத்தில் எடுக்கும் 1¼ அங்குல ஸ்குரூ, பலகையைத் தாண்டி 5/8 நீட்டும். ஜொயிஸ்றுக்கு நேரே அடித்தால் 1/8 அங்குலம் மரத்தில் ஏறிவிடும். அதோடு பலகையும் மரமும் ஒன்றாகப் பூட்டுப்பட்டு, சனலுக்குக் கொடுத்த காசு வீண். முதல் அடுக்குக்கு 1 அங்குலம், இரண்டாவதுக்கு 1 5/8 போட்டால் இரண்டும் சனலுக்குள் 3/8தான் போகும். அப்படியும் ஜொயிஸ்ற் இருக்கும் இடங்களைச் சுவரில் பென்சிலால் குறித்துவைத்து, அந்த நேரைத் தவிர்த்தே அடித்தேன். பலகை ஓரம் சுவரில் முட்டக்கூடாது: சுற்றிவர 1/4 அங்குலம் விட்டு, இறுகிப்போகாத அக்கூஸ்ரிக் சீலன்ற் (சத்தம் கசியாமல் இடைவெளியை அடைக்கும் பசை).

கடையில் ஹற் சனலும் ரெசிலியன்ற் சனலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். இரண்டு பக்கமும் கால் இருந்தால் அது ஹற் சனல்; அதிர்வைத் தடுக்கும் ரப்பர் கிளிப் இல்லாமல் நேரே முடுக்கினால் சத்தத்துக்குப் பெரிதாக உதவாது. 12 அடிப் பலகையில் மூட்டுக் குறைவு, ஆனால் படிக்கட்டில் திரும்பாது. 8 அடிப் பலகையே ஒன்று ஏறக்குறைய 70 இறாத்தல், கீழே இறக்கித் தரும் கடையென்றால் கூலி கொடுப்பது நல்லது.

சப்வூஃபரின் அதிர்வு மேலே இன்னும் தெரிகிறது. அதற்கு ஹீற்றிங் டக்ற்றை (சூடான காற்று வரும் குழாய்) பெட்டி கட்டி மூட வேண்டும். சீலிங்கில் ஓட்டை போட்டுப் பதிக்கும் பொற்லைற் போடவில்லை, ஒவ்வொரு ஓட்டையும் சத்தம் ஏறும் வழி, சுவர் விளக்குத்தான். தண்ணீர் வால்வுக்கும் ஜங்ஷன் பெட்டிக்கும் திறந்து மூடும் கதவு கட்டாயம்.

மூட்டுப் பூச்சு இன்னும் பாக்கி, மனமோ விருந்தினர் அறை ஜன்னலுக்குத் தாவிவிட்டது. படுக்கையறை என்றால், ஆபத்தில் வெளியேறக்கூடியதாக ஜன்னல் திறப்பு குறைந்தது 0.35 சதுர மீற்றர் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. அத்திவாரச் சுவரை வெட்டுவதால் நகரசபை அனுமதி எடுத்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.