நாலு மணிக்கூர்

புகாரில் இருந்தது உண்மைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறதி நோய் முற்றிய அம்மாவை வீட்டுக்குள் விட்டு, வெளியே பூட்டிவிட்டுத்தான் மகன் ரப்பர் பால் வெட்டப் போகிறார். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு யாரோ போன் செய்து சொல்லியிருந்தார்கள். அதை விசாரிக்கத்தான் நாங்கள் போனோம். வீடு சானல் கரையில், அதாவது பாசனக் கால்வாய்ப் புறம்போக்கில் இருந்ததால் கிராம நிர்வாக அலுவலரும் எங்களோடு வந்தார்.

மகனிடம் பூட்டைப் பற்றிக் கேட்டேன். "தொறந்து போட்டா சானல்ல போய் விழுவாவ. ஒருக்க எறங்கியும் இருக்காவ" என்றார். உள்ளே தீப்பிடித்தால் என்ன செய்வார்கள் என்றேன். அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போகிறாராம். வேறு வழி பார்க்கக் கூடாதா என்று நான் கேட்டதற்குத்தான் இப்படிச் சொன்னார்: "வெளுப்புக்கு நாலு மணிக்கூர் அம்மைக்க கூட இருக்க ஒரு ஆளு தர ஒக்குமா சாரே? வேற ஒண்ணும் வேண்டாம்."

விடிகாலையில் நாலு மணி நேரத்துக்கு ஒரு ஆள். இல்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் கையில் இருக்கும் 2007-ஆம் வருடச் சட்டம் பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளுக்கானது. கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, இல்லை 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. ஜீவனாம்சம் கேட்டு கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். கைவிடாமல் தனியாளாகக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, துணி துவைத்துப் போடுகிறவருக்கு அதிலிருந்து எதை எடுத்துக் கொடுப்பது? முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பெரிய உதவிதான். ஆனால் அவர்கள் வருவது பகலில். பால் வெட்டு விடியுமுன்னே. வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும் என்பதால்தான் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்குகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் போய் வெட்டலாமே என்று எங்களோடு வந்த ஒருவர் சொன்னார். குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லக் கூடாது.

கட்டில் காலிலிருந்து பின்வாசல் கக்கூஸ் வரை இடுப்பு உயரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தார். படி வரும் இடத்தில் மட்டும் பெரிய முடிச்சு. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாட்டி எழுந்து கயிற்றைப் பிடித்து நடந்தார்கள். முடிச்சில் கை பட்டதும் நின்று, காலைத் தூக்கி வைத்துத் தாண்டினார்கள். மகனின் பெயர் அவர்களுக்கு நினைவில்லை. அந்தப் படி கைக்குத் தெரிந்திருந்தது. கிராம அலுவலர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், வேறிடத்தில் பட்டா வாங்கலாம், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட மூன்றரை லட்சம் கிடைக்கும் என்று. மகன் கயிற்றைக் காட்டி, "புது வீட்டுல அம்மைக்கு ஒண்ணும் தெரியாது சாரே" என்றார். முதியோர் இல்லம் என்றதும் பேச்சையே நிறுத்திவிட்டார்.

கடைசியில், இனி பூட்ட மாட்டேன் என்று எழுதி வாங்கினோம். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. பூட்டிய வீட்டில் ஏதாவது நடந்திருந்தால், பார்த்தும் சும்மா வந்தவன் நான்தான். ஆனால் மறுநாள் விடியலில் அவர் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூலியை விட வேண்டும் என்பது கையெழுத்துப் போடும்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். தெரிந்தே நான் காகிதத்தை நீட்டினேன், தெரிந்தே அவரும் வாங்கிக்கொண்டார். அதுதான் உறுத்துகிறது. சரி, அந்தக் காகிதம் இல்லாமல் திரும்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனா? இருந்திருக்க மாட்டேன்.

அப்புறம் போனபோது பூட்டு இல்லை, வெளியே கொண்டி மட்டும் போட்டிருந்தது. ஏதாவது என்றால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து திறக்கலாம் என்றார். ஒருவகையில் நல்ல ஏற்பாடுதான், நானே யோசித்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே என்னிடம் பேசினார். முன்பெல்லாம் காலையில் ஜன்னல் வழியாக ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவாராம். போன் செய்தது அந்த அக்காதான் என்று மகன் நினைத்துக்கொண்டதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. யார் சொன்னது என்று நாங்கள் சொல்லக் கூடாது, அவர் இல்லை என்றும் சொல்லக் கூடாது. எங்கள் ஜீப் அந்த வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால், அந்த நாலு மணிக்கூரில் பாட்டியை எட்டிப் பார்க்க ஒரு ஆளாவது இருந்திருக்கிறது.

கதவு பூட்டப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தேன், கோப்பு முடிந்தது. மகளிர் குழுவில் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு வர இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வந்தால் கூலியை யார் கொடுப்பது என்பதற்கும் மேலே இருந்து பதில் இல்லை.